கசக்காத பாசி

வாருங்கள் தம்பி. செருப்பை உள்ளே விடுங்கள், இந்தத் தெரு நாய்களுக்குச் செருப்பு என்றால் உயிர். அந்த டப்பாவைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்க் வேண்டாம். அது வாசலிலேயே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அது எங்கேயும் ஓடிப்போகாது.

சங்கரநயினார் வாத்தியார்தானே அனுப்பினார்? நாளைக்குக் கூட்டத்துக்குப் பாசி வாங்கிக்கொண்டு வரச் சொல்லி? என் பெயரைச் சொன்னாரா, இல்லை கண்ணாடிக்காரர் வீடு என்றாரா?

பார்த்தீர்களா. கண்ணாடிக்காரர். எனக்குக் குற்றாலிங்கம் என்று ஒரு பெயர் இருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் என் கடையில் கண்ணாடி போடாத ஆள் குறைவு. உங்கள் வாத்தியாருக்கே நான்தான் போட்டுவிட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் விசில் ஊதிக்கொண்டிருந்த டிரில் வாத்தியார் அவர். போட்டுவிட்ட பிறகுதான் உலகம் தெரிந்தது. அந்த நன்றிகூட இல்லை.

உட்காருங்கள். பாசி இன்னும் வடியவில்லை. வடியாமல் டப்பாவில் அடைத்தால் காலைக்குள் கொழகொழத்துவிடும். உங்கள் பெயர் என்ன? ஆசீர். நல்லது. நம் உணவு வட்டத்தில் புதுசா? சர்க்கரையா, தொப்பையா? தொப்பைதான். அதுவும் நல்லது. சர்க்கரைக்காரர்கள் பயத்தில் வருவார்கள், பயம் போனதும் போய்விடுவார்கள். தொப்பைக்காரர்கள் தினமும் பார்த்துக்கொண்டே இருப்பதால் நிலைத்து நிற்பார்கள்.

இந்தக் கிண்ணத்தைப் பிடியுங்கள். முதலில் இதைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து மென்று தின்னுங்கள், அப்படியே விழுங்கிவிடாதீர்கள். எப்படி இருக்கிறது? வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நறுக்கென்று இருக்கிறது, இல்லையா? கடல் வாசனை தெரிகிறதா? தெரியாது. தெரியக்கூடாது. இதுதான் கஞ்சிப்பாசி. கடலில் இருக்கும்போது கருஞ்சிவப்பாக, பிரிபிரியாக, சவுரி முடி மாதிரி இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்து வெயிலில் போட்டு, மறுபடி நனைத்து, மறுபடி போட்டு எடுத்தால் இப்படி வெளுத்துவிடும். பிறகு ஊறவைத்து, தேங்காய்ப் பூவும் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் மாங்காய்த் துருவலும் போட்டால் முடிந்தது. நெருப்பு கிடையாது.

புதிதாக வருகிறவனுக்கு எந்தப் பாசியைக் கொடுப்பது என்பதுதான் தம்பி முழு விஷயமும். முதல் பிடியில் அவன் முகம் சுளித்தால் போயிற்று. வெளியே போய் நேரே பரோட்டாக் கடையில் உட்கார்ந்துவிடுவான். அவனை மறுபடி பிடிக்க முடியாது. அதனால் முதலில் கஞ்சிப்பாசி. அது நாக்குக்குப் பழகியபின், பச்சையாக இலை மாதிரி ஒன்று வருமே, வெற்றிலையைவிட மெல்லிசாக, அதைக் காயவைத்து நொறுக்கி அவல்மேல் தூவலாம். அதிலும் கொஞ்சம்தான் வாசனை. குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதும் உண்டு, பல்லில் பட்டால் வெடிக்கும், மிளகுக் காரம் இருக்கும். அது அப்புறம். அவசரமே கூடாது. கட்டக்கோரை என்று ஒன்று இருக்கிறது. பழுப்பாக, நாராக, இடையிடையே குமிழ் குமிழாக. அதைப் புது ஆளுக்குக் காட்டவே கூடாது. கசப்பு. கசப்பென்றால் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காத கசப்பு. கடற்கரையில் அதைத் தென்னைக்கு உரமாகத்தான் போடுவார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது. வட்டத்துக்குப் பாசியைக் கொண்டுவந்தவன் நான். அதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? இதற்கு என்ன பெயர் சொன்னார்கள்?

முத்துக்கனி பாசி.

அதேதான். முத்துக்கனி யார் தெரியுமா? என் மனைவி. போன வருஷம் தவறிவிட்டாள். நாளையோடு ஒரு வருஷம். பாருங்கள், சரியாக அதே நாளில் கூட்டத்தை வைத்திருக்கிறான் அந்த மனுஷன். முத்துக்கனி நினைவு நாள் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? பாசி மட்டும் வேண்டும்.

எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது தம்பி. அதை நாளைக்குத் தீர்க்கப் போகிறேன். சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் வெளி ஆள், உங்களுக்கு நியாயம் தெரியும்.

நாங்கள் நெருப்பில்லா உணவு வட்டத்தில் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சேர்ந்தோம் என்றால், நான் சேர்ந்தேன். எனக்குத்தான் ரத்த அழுத்தம். வீட்டில் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் இன்னொரு மாதிரியும் சாப்பிட்டால் சரிப்படாது என்று வாத்தியார்தான் சொன்னார். அப்போது அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதம். வீட்டுக்கு வந்து அன்றைக்கே அடுப்பைத் தூக்கி என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சிலிண்டரோடு. முத்துக்கனி அடுப்பு இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு, "இனி நான் இங்ஙன நின்னு என்னத்த செய்ய?" என்று கேட்டாள். "ஓய்வு எடு" என்றேன். எத்தனை புருஷன்மார் பெண்டாட்டிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

அவள் வேம்பாற்றுப் பக்கம், கடற்கரைக்காரி. ஒருநாள் தன் தங்கை சந்தனக்கனிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் பஸ்ஸில் ஒரு சாக்குப்பை வந்தது. பிரித்தால் பாசி. "சின்னப்புள்ளையில திம்போம். கஞ்சியில போட்டுக் காய்ச்சுவாவ. பச்சையாவும் கடிச்சுக்கிடுவோம்" என்றாள். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து அதை வெளுக்கப் போட்டாள். எது நல்லது, எது ஆகாது, எந்தப் பருவத்தில் பிடுங்கியது, எத்தனை தண்ணீரில் அலசுவது எல்லாம் அவள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தாள். நான்தான் அதைப் பார்த்து, அடடா, இது நெருப்பில்லாத சமாச்சாரமாயிற்றே, வட்டத்துக்குக் கொண்டுபோகலாமே என்று யோசித்தேன். யோசனை யாருடையது? என்னுடையது. அவள் சின்ன வயதில் தின்றதைச் சொன்னாள், அவ்வளவுதான். எல்லோரும் சின்ன வயதில் எதையாவது தின்றிருப்பார்கள்.

முதல் தடவை கூட்டத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். எழுந்து நின்று விளக்கம் சொன்னேன். ஒரு பெரிய தகராறு வந்தது. உப்பு கூடாது என்பது வட்டத்தின் சட்டம், உங்களுக்குத் தெரியும். கடல் உப்பு பாசிக்குள்ளே இருந்தால் அது உப்பா, பாசியா? அன்றைக்குக் காலை முழுக்க அதே பேச்சு. ஒருவர் உப்பு என்கிறார், ஒருவர் பாசி என்கிறார், ஒரு அம்மாள் அப்படிப் பார்த்தால் நம் வியர்வையையும் விலக்க வேண்டும் என்கிறார். கடைசியில் வாத்தியார் விசில் ஊதினார். இப்போதும் கழுத்தில் விசில் வைத்திருப்பாரே. ஊதிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நாக்குக்குத் தெரிஞ்சா உப்பு. தெரியலன்னா பாசி. கண்ணாடிக்காரரே, நாக்குக்குத் தெரியாம கழுவிக் கொண்டாரும்."

அன்றிலிருந்து கழுவல்தான். வாராவாரம் இந்தத் தொட்டியடியில் நான் கழுவ, அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள். "இன்னொரு தண்ணி. ம்ஹூம், இன்னொரு தண்ணி. கசக்காதீய, அதென்ன உங்க சட்டையா? அள்ளி விடுங்க, அதுவா மெதக்கட்டும்." எனக்குக் கோபம் வரும். "கழுவுதேன்ல" என்பேன். "கழுவுதீயளா, நலங்கு வச்சுக் குளிப்பாட்டுதீயளா? தண்ணிய மாத்துங்க" என்பாள். எல்லாவற்றிலும் விளையாட்டு அவளுக்கு. அந்த நேரம் வந்தால் மட்டும் நன்றாகச் சிரிப்பாள். மற்றபடி பேச்சுக் குறைந்துவிட்டது. ஓய்வு அதிகமானால் அப்படித்தான் போலிருக்கிறது.

அப்புறம் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் பார்த்துவிட்டு, அவள் எது கேட்டாலும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் இளநீர் கொடுத்தேன், மாதுளை பிழிந்து கொடுத்தேன், பாசியைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொண்டுபோனேன். ஒரு குறை வைக்கவில்லை. அவள் என்ன கேட்டாள் தெரியுமா? கஞ்சி. கஞ்சிப்பாசி போட்டுக் காய்ச்சிய சுடுகஞ்சி. "ஒரு வாய் சூடா குடிச்சா என்ன?" என்றாள்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இவ்வளவு வருஷம் கட்டிக்காத்துவிட்டுக் கடைசியில் கெடுத்துக்கொள்ளலாமா? "நெருப்புப் பட்டா அதுல உள்ள உசுரெல்லாம் செத்துப்போவும்ட்டி" என்றேன். அவள் சிரித்தாள். "நானும் அதத்தான செய்யப் போறேன். ரெண்டும் ஒண்ணா போயிருவோம்" என்றாள். பாருங்கள், அந்த நிலையிலும் விளையாட்டு. நான் மனம் இளகவில்லை. ஒரு கொள்கை என்று எடுத்தால் அதில் நிற்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த டிரில் வாத்தியார்தான்.

அந்த வாத்தியார் என்ன செய்தான்? அதுதான் கதை.

ஒருநாள் பார்க்க வந்தான். இவள் அவனிடமும் கஞ்சிப் பேச்சை எடுத்திருக்கிறாள். நான் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மறுநாள் மத்தியானம் வருகிறான், கையில் பிளாஸ்க். ஆரஞ்சு நிறம், மூடியில் ஒரு நசுங்கல். ஆமாம், வாசலில் வைத்திருக்கிறீர்களே, அதே பிளாஸ்க்தான். எப்படித் தெரியாமல் போகும்? அந்த நசுங்கலை நான் மறப்பேனா?

மூடியைத் திறந்தான். ஆவி. தம்பி, ஆவி! நெருப்பில்லா உணவு வட்டத்தின் தலைவர், ஊர் ஊராகப் போய் அடுப்பை அணையுங்கள் என்று பேசுகிறவர், அவர் கையில் ஆவி பறக்கிற கஞ்சி. "என்ன வே இது? உம்ம வீட்ல அடுப்பு எங்ஙனருந்து வந்தது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"சீக்காளிக்குச் சட்டம் கெடையாது வே. அடுத்த வீட்டு அடுப்புல நானே காச்சுனேன். நீரு செத்த நேரம் வெளிய நில்லும்."

வெளியே நில்லும். என்னை. என் பெண்டாட்டி கட்டில் பக்கத்திலிருந்து என்னை எழுப்பி வெளியே நிற்கச் சொன்னான். நான் முத்துக்கனியைப் பார்த்தேன். அவள் அவனிடம், அவர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராண்டாவில் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஸ்பூனால் ஊதி ஊதி ஊட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். வியர்த்தது அவளுக்கு. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள். நான் கொண்டுபோனதில் எதற்கும் அவள் அப்படிக் கையைக் காட்டியது இல்லை. பிறகு நான் உள்ளே போனபோது என்னிடம், "கோவிச்சுக்கிடாதீய. நல்லா இருந்துது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேறு எதையாவது சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வாரமே போய்விட்டாள். கஞ்சியால் போனாள் என்று நான் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் சொல்லாமலும் இல்லை.

அப்புறம் வட்டத்தில் ஒரு கூட்டம் போட்டு, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தப் பாசிய நமக்குக் குடுத்த மகராசி முத்துக்கனியம்மா. இனிமே இதுக்கு முத்துக்கனி பாசின்னுதான் பேரு" என்று அறிவித்தான். எல்லோரும் கையைத் தட்டினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அள்ளிக் கழுவிய கை என் மடியில் இருக்கிறது. இதைக் கொண்டுவந்தது யார், முதலில் எழுந்து விளக்கம் சொன்னது யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. ஒருத்தன் உழைப்பை எடுத்து அப்படியே இன்னொருத்தர் பெயரில் எழுதிவிடுவது திருட்டா இல்லையா? எனக்கு வயிறு எரிந்தது தம்பி. ஒருவர் செய்ததை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிவதைப் போல ஒரு அநியாயம் உலகத்தில் கிடையாது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த ஆளை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைக்க வேண்டும்.

கஞ்சி விஷயத்தை வெளியே சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் ஐயோ பாவம், எவ்வளவு நல்ல மனசு என்பார்கள். இந்தக் காலத்து ஆட்களுக்குக் கொள்கையாவது ஒன்றாவது. அதனால் பொறுத்திருந்தேன். பொறுமைதான் எனக்குப் பலம். ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை, வாராவாரம் பாசியைக் கழுவிக் கழுவி அனுப்பினேன். அவன் நம்பிவிட்டான்.

நாளைக்குப் பெரிய கூட்டம். ஆற்றங்கரைத் தோப்பில் பந்தல் போட்டிருக்கிறார்கள். புது ஆட்கள் நிறைய வருகிறார்கள். உங்களுக்கு நடந்ததுதானே, வாத்தியாரே ஒவ்வொருவருக்கும் தன் கையால் முதல் பிடியை வாயில் ஊட்டிவிடுவார். ஊட்டிவிட்டு, "கசக்காது. நம்பி மெல்லும்" என்பார். சொன்னாரா உங்களிடம்? சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் வட்டமே நிற்கிறது. அந்த வார்த்தையைப் பொய்யாக்கிவிட்டால் போதும். பந்தல் முழுக்கத் துப்புவார்கள். துப்பித் துப்பி அவர் வெள்ளை ஜிப்பா மேலேயே துப்புவார்கள். முத்துக்கனி பாசியாம் என்று சொல்லித் துப்புவார்கள். அந்தப் பெயரை அதற்குப் பிறகு எவன் சொல்லுவான்?

சந்தனக்கனிக்குப் போன் போட்டேன். கட்டக்கோரை ஒரு மூட்டை வேண்டும் என்றேன்.

"கட்டக்கோரையா? அத்தான், அது தென்னைக்கில்லா போடுவோம். நீங்க மாடியில தென்னந்தோப்பா வச்சிருக்கிய?"

"ஒரு தென்னமரம் இருக்கு" என்றேன். "நெட்டையா வளந்துட்டு. அதுக்குத்தான்."

"காய்ச்சிக் கீய்ச்சித் தின்னுறாதீய. நல்லவேள, அடுப்பத்தான் அனுப்பிட்டியளே" என்றாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வாய்.

மூட்டை வந்தது. பஸ் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். அவிழ்த்தேன். அப்பா, என்ன நாற்றம்! என் மனம் குளிர்ந்துவிட்டது. இதை அப்படியே அனுப்ப முடியாது, பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால் நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ளிப் பிரித்தேன். குமிழையெல்லாம் உருவினேன். அப்புறம் கழுவினேன். கழுவாமல் எப்படி? உப்பு இருக்கிறதே. உப்போடு கொடுத்தால் சட்டத்தை மீறியவன் நான் ஆகிவிடுவேன். அந்த ஆள் ஒருத்தன் மீறியது போதாதா? நான் விதிப்படி நடந்துகொண்டுதான் அவனைத் தோற்கடிக்க வேண்டும். உப்பு நாக்குக்குத் தெரியாத அளவு கழுவினேன். வெயிலில் போட்டேன். மறுபடி நனைத்தேன். வாசனை போகவில்லை என்று இன்னொரு தண்ணீர். ஒரு தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. பழக்கம். ஸ்டூல் அங்கேதான் கிடக்கிறது, அதை நான் எடுக்கவில்லை. அதைப் பார்த்தால் இன்னொரு தண்ணீர் மாற்றத் தோன்றிவிடுகிறது. பொடியாக அரிந்து எலுமிச்சையில் ஊறவைத்தேன். மேலே தேங்காய்ப் பூ. இப்போது கஞ்சிப்பாசிக்கும் இதற்கும் பார்வைக்கு நிற வித்தியாசம் மட்டும்தான். அந்த வடிதட்டில் இருப்பது அதுதான். நாளைக் கூட்டத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போகப்போவது அதுதான்.

என்ன முழிக்கிறீர்கள்? ஆமாம், உங்களிடமே சொல்கிறேன். நீங்கள் போய் வாத்தியாரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் நம்பமாட்டார். குற்றாலிங்கமா, வாயில்லாப் பூச்சி, அவனாவது இப்படிச் செய்வதாவது என்பார். ஒரு வருஷம் நான் கழுவியது இதற்குத்தான்.

பயமாக இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். நீங்கள்தான் சரியான ஆள், புது நாக்கு. நானும் இன்னும் வாயில் வைக்கவில்லை. இந்தாருங்கள், ஒரு பிடி. உடம்புக்கு ஒன்றும் ஆகாது, கசக்கும், அவ்வளவுதான். துப்புவதற்கு இந்தக் கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பந்தலில் என்னால் எல்லா முகத்தையும் பார்க்க முடியாது. மெல்லுங்கள். நன்றாக மெல்லுங்கள். இப்போது தெரியாது, கொஞ்சம் பொறுங்கள், அடிநாக்கில்தான் வரும்.

ம். வருகிறதா?

என்ன தம்பி, கோப்பையைத் தள்ளுகிறீர்கள்?

விழுங்கிவிட்டீர்களா?

கசக்கவில்லையா? சும்மா சொல்லாதீர்கள். மரியாதைக்காகச் சொல்லாதீர்கள், நான் ஒன்றும் உங்கள் மாமனார் இல்லை. என்னது? கிண்ணத்தை ஏன் நீட்டுகிறீர்கள்? இன்னும் கொஞ்சமா?

விளையாடுகிறீர்களா?

கொடுங்கள், நான் பார்க்கிறேன்.

...

ஒரு நிமிஷம் இருங்கள்.

...

கொஞ்சம் காட்டமாக இருக்கிறது. கடுந்தேயிலை மாதிரி. அது கசப்பு இல்லை. அதைக் கசப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதலில் தின்றதைவிட நன்றாக இருக்கிறது என்கிறீர்களா? எனக்குக் கேட்கிறது, கத்தாதீர்கள்.

இது அவள் வேலை. வேறு யார்? செத்தும் என்னைக் கெடுத்துவிட்டாள். இன்னொரு தண்ணி, இன்னொரு தண்ணி என்று காதில் ஓதி ஓதி, எதிரிக்குக் கொடுக்கிற சாமானைக்கூட நான் கழுவோ கழுவென்று கழுவியிருக்கிறேன் பாருங்கள். ஒரு வருஷத் திட்டம். மூட்டையைப் பிரித்தபோது எப்படி நாறியது தெரியுமா? அந்த நாற்றத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். கஞ்சிக்கு ஆசைப்பட்டு என்னை வெளியே நிற்க வைத்தாள், இப்போது அந்த ஆள் ஜிப்பாவையும் காப்பாற்றிவிட்டாள். அன்றைக்கும் அவன் பக்கம், இன்றைக்கும் அவன் பக்கம்.

நீங்கள் சிரிக்க வேண்டாம்.

டப்பாவைக் கொண்டுவாருங்கள். போடுகிறேன். வேறு என்ன செய்வது, நாளைக்கு அத்தனை பேருக்குக் கஞ்சிப்பாசி என்னிடம் இல்லை. உள்ளே அமுக்காதீர்கள். அள்ளிப் போடுங்கள், அதுவாக உட்காரட்டும். ஈரத்துணியால் மூடுங்கள், மூடியை இறுக்காதீர்கள், வேர்த்துவிடும்.

இது என்ன புதுப் பாசி என்று அவன் கேட்பான். குற்றாலிங்கம் பாசி என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கட்டக்கோரையைத் தின்ன வைத்தவன் வேறு எவன்? இல்லை, இருங்கள். என் பெயரைச் சொன்னால் சந்தேகப்படுவான், ஊட்டமாட்டான், அத்தனையும் வீணாகிவிடும். அவள் பெயரையே சொல்லுங்கள். முத்துக்கனி கழுவிய மாதிரிக் கழுவியது என்று சொல்லுங்கள். நம்பி வாயில் வைப்பான். அடுத்த கூட்டத்துக்குப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த தடவை கழுவவே மாட்டேன். அந்த உப்புக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, கிளம்புங்கள். போகும்போது அந்த பிளாஸ்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றித் தரச் சொன்னானா? டப்பாவிலேயே சேர்த்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

காலியாக இல்லையா?

எனக்கா? எனக்கு என்ன கொடுத்து அனுப்பினான்? மறந்தே போனீர்களா? வந்ததும் வெளியில் வைக்கச் சொன்னேன், சரி, அதற்காக இவ்வளவு நேரம் சொல்லாமல் இருப்பதா? என்ன சொன்னான், அவன் சொன்னபடியே சொல்லுங்கள்.

"முத்துக்கனியம்மாவுக்கு விடிஞ்சா வருஷ நாள். படத்துக்கு முன்னால வைக்கச் சொல்லு. சூடா வைக்கச் சொல்லு."

திறக்காதீர்கள். ஆவியை நான் ஒரு தடவை பார்த்ததே போதும். என் வீட்டுக்குள்ளேயே அனுப்புகிறான் பாருங்கள். என்ன துணிச்சல். எடுத்துக்கொண்டு போய் அவன் மூஞ்சியில்...

இருங்கள். எங்கே தூக்குகிறீர்கள்? அங்கே வையுங்கள். அந்த ஸ்டூல்மேல் வையுங்கள். குடிப்பதற்கு என்று நினைக்காதீர்கள், இந்த வீட்டில் நெருப்புப் பட்டது எதையும் நான் தொட்டதில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பி அனுப்பினால் அவள் ஏசுவாள். அதற்காகத்தான். நாளைக்குத் தோப்புக்கு வரும்போது நானே கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கிறேன். எல்லோர் முன்னாலும் கொடுக்கிறேன். அப்போது தெரியும் அவனுக்கு.

கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் தம்பி. காற்று வருகிறது. ஆறிவிடும்.